ஸ்டாப் சைனில் சைக்கிளை உருட்டலாமா?

பின்சக்கரம் எழுதியது:

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு எனக்கு அபராத டிக்கெட் எழுதினார்கள். காருக்கு இல்லை, சைக்கிளுக்கு. கலிஃபோர்னியாவில் பதினொரு வருடமாக இருக்கிறேன், காரில் ஒரு பார்க்கிங் டிக்கெட்கூட வாங்கியதில்லை. அம்மாவிடம் போனில் சொன்னதற்கு, "டபுள்ஸ் போனியா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்.

நடந்தது இதுதான். வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்கு நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பெரிய சாலையைத் தவிர்த்து உள்தெருக்கள் வழியாகத்தான் போவேன். அதில் பதினேழு ஸ்டாப் சைன்கள் (முழுசாக நின்று பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்கிற பலகைகள்), எண்ணியிருக்கிறேன். அன்றைக்குப் பன்னிரண்டாவது நாற்சந்தி. குப்பை எடுக்கும் நாள் என்பதால் தொட்டிகள் வரிசையாக நின்றன. ஒரு பூனை. வேறு ஜீவன் இல்லை. மிதிப்பதை நிறுத்தினேன், பிரேக்கைப் பிடித்தேன், இடது வலது எதிர்ப்பக்கம் எல்லாம் பார்த்தேன், நடக்கிற வேகத்துக்கு வந்து அப்படியே கடந்துவிட்டேன். கடந்த பிறகுதான் தெரிந்தது, மூன்றாவது வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ஆகவே "வேறு ஜீவன் இல்லை" என்பதைத் திருத்திக்கொள்கிறேன்.

"உங்கள் சக்கரம் நிற்கவே இல்லை" என்றார். நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் போனேன் என்றேன். "பார்த்தீர்களா என்று நான் கேட்கவில்லை. நின்றீர்களா?" என்றார். மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் இன்னும் எரிச்சல்.

நீதிமன்றக் கட்டணங்கள் எல்லாம் சேர்த்து இருநூறு டாலருக்கு மேல் வருகிறது. இந்த மாநிலத்தில் சைக்கிள் ஓட்டுபவருக்கும் கார் ஓட்டுபவருக்கு உள்ள அதே கடமைகள்தான், தெரியும். ஆனால் இரண்டும் ஒன்றா? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான், சைக்கிள், லேப்டாப் பை எல்லாம் சேர்த்து 90 கிலோ. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 5 மீட்டர். இயக்க ஆற்றல் 1,125 ஜூல். காலை ஊன்றி நின்றால் அத்தனையும் பிரேக் கட்டையில் சூடாகிப் போகிறது. மறுபடி அதே வேகத்துக்கு வர, என்னைப் போன்ற தொப்பைக்காரன் தரக்கூடிய 100 வாட்டில், காற்றும் உராய்வும் இல்லவே இல்லை என்று வைத்தாலும் 11 விநாடி முழு மிதி. இதைப் பதினேழு முறை செய்ய வேண்டும். கார்க்காரருக்கோ வலது பாதத்தைக் கொஞ்சம் அழுத்தினால் போதும்.

இது என் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. பெர்க்லி பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஜோயல் ஃபாஜன்ஸ் 2001ல் இதையே கணக்கிட்டு எழுதியிருக்கிறார். 300 அடிக்கு ஒரு ஸ்டாப் சைன் இருக்கும் தெருவில், 100 வாட்டில் மிதிப்பவரின் சராசரி வேகம் சுமார் 40 சதவீதம் விழுந்துவிடும். அதனால் என்ன ஆகிறது? சைக்கிளுக்குப் பாதுகாப்பான அமைதியான தெருவை விட்டுவிட்டு, ஸ்டாப் சைன் குறைவாக இருக்கிற, கார்கள் பறக்கிற சாலைக்கு ஆட்கள் போய்விடுகிறார்கள்.

என் கேள்விகள் இரண்டு. ஸ்டாப் சைனைச் சைக்கிள்காரர் "வழி விடு" பலகையாக எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் மாறுவது நியாயமா? அப்புறம், இந்த டிக்கெட்டை எதிர்த்துப் போராடலாமா, கட்டித் தொலைத்துவிடலாமா?

---

சும்மா_இரு எழுதியது:

தலைப்பைப் பார்த்ததும், சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்கிறீர்கள் என்று நினைத்தேன். தாராளமாகப் போகலாம், இறங்கி உருட்டினால் நீங்கள் பாதசாரி. பிறகு அந்த 11 விநாடிக் கணக்கையும் படித்தேன். அது வேறு வகை உருட்டு.

---

பாய்சி_வாசி எழுதியது:

பின்சக்கரம் சார், நீங்கள் கேட்கிற சட்டம் நாற்பது வருடத்துக்கு மேலாக இருக்கிறது. அதற்குப் பெயரே ஐடஹோ ஸ்டாப். நான் ஐடஹோ மாநிலத் தலைநகர் பாய்சியில் ஆறு வருடம் இருந்தேன், காரே வாங்கவில்லை.

போன புதிதில் நானும் ஒவ்வொரு பலகையிலும் கடமையாகக் கால் ஊன்றிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பின்னால் கூடை வைத்த சைக்கிளில் ஒரு பாட்டி வந்தார். எழுபது இருக்கும். என் பக்கத்தில் வந்து, "செயின் கழன்றுவிட்டதா? உதவி வேண்டுமா?" என்று அக்கறையாகக் கேட்டார். ஒன்றுமில்லை, ஸ்டாப் சைன் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு ராத்திரிதான் உட்கார்ந்து சட்டத்தைப் படித்தேன்.

அது 1982ல் வந்தது. வந்த கதைதான் சுவாரஸ்யம். சைக்கிள் சங்கம் எதுவும் கொடி பிடித்து வாங்கியதில்லை. மாநிலப் போக்குவரத்துச் சட்டத்தைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தபோது, நீதிமன்றங்களின் நிர்வாக இயக்குநராக இருந்த கார்ல் பியாங்கி கொண்டுவந்த யோசனை. ஆளில்லாத சந்தியில் சைக்கிள் நிற்காமல் போன சில்லறை வழக்குகள் கோர்ட்டில் குவிந்து நீதிபதிகளின் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தன. அதாவது சலுகை கேட்டது சைக்கிள்காரர் இல்லை, அலுத்துப்போன நீதித்துறை.

ஆனால் சட்டம் சொல்வதைக் கவனமாகப் படிக்க வேண்டும். வேகத்தைக் குறை. பாதுகாப்புக்குத் தேவை என்றால் நில். சந்தியில் ஏற்கெனவே இருக்கும் வண்டிக்கும், ஆபத்தான நெருக்கத்தில் வந்துகொண்டிருக்கும் வண்டிக்கும் வழி விடு. அதன் பிறகு நிற்காமல் போகலாம். சிவப்பு விளக்கில் நேராகப் போவதானால் நின்றே ஆக வேண்டும், நின்று வழி விட்டுப் போகலாம். "சைக்கிளுக்கு ஸ்டாப் சைன் கிடையாது" என்று எங்கேயும் சொல்லவில்லை. ஒன்று தெரியுமா, நின்றுவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று ஒரு நிம்மதி வரும். அங்கே அந்த நிம்மதி இல்லை. நிற்பதா வேண்டாமா என்று ஒவ்வொரு முறையும் நானே தீர்மானிக்க வேண்டும், தப்பாகப் போனால் தப்பு என்னுடையது.

அதை ஒரு மல்லிகைப் புதரிடம் கற்றுக்கொண்டேன். மல்லிகை என்றால் நம் மல்லிகை இல்லை, வேலியாக வளர்த்திருந்த ஏதோ ஒரு வெள்ளைப் பூச்செடி. ஆள் உயரம். தினமும் போகிற முக்கு. தினமும் காலியாக இருந்ததால் காலியாகத்தான் இருக்கும் என்று நினைத்துப் போனேன். வேலிக்குப் பின்னாலிருந்து ஒரு பிக்கப் வந்தது. அவர் பிரேக் அடித்தார், நான் புதருக்குள் போய் விழுந்தேன். முழங்கையில் நாலு தையல். பார்வை மறைகிற முக்கில் யீல்டு (வழி விடு) என்றாலும் ஸ்டாப் என்றாலும் ஒன்றுதான். சட்டத்தில் அது "தேவை என்றால் நில்" என்ற ஒரே வரிக்குள் இருக்கிறது. எனக்குத்தான் தையல் போட்ட பிறகு புரிந்தது.

மற்ற மாநிலங்கள் ரொம்ப நாள் கண்டுகொள்ளவில்லை. 2017ல் டெலவேர், 2019ல் ஆர்கன்சா, 2020ல் ஆரிகனும் வாஷிங்டனும், அப்புறம் யூட்டா, கொலராடோ, மினசோட்டா என்று வரிசையாக வந்தன. டெலவேரில் கொஞ்சம் ஜாக்கிரதையாக, இரண்டு லேனுக்கு மேல் உள்ள சாலையைக் கடக்கும் இடத்தில் மட்டும் பழையபடி நின்றே ஆக வேண்டும் என்று வைத்தார்கள். அங்கே சட்டம் வந்த பிறகான 30 மாதத்தையும் முந்தைய 30 மாதத்தையும் ஒப்பிட்டால், ஸ்டாப் சைன் சந்திகளில் சைக்கிள் சம்பந்தப்பட்ட விபத்துகள் 23 சதவீதம் குறைந்திருந்தன. சட்டத்தால்தான் குறைந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இதைக் கொண்டுவந்தால் சாலையெங்கும் பிணமாக விழும் என்று பயமுறுத்தினார்களே, அது நடக்கவில்லை.

டிக்கெட்டைப் பற்றி: கலிஃபோர்னியாவில் நேரில் போகாமல் எழுத்து மூலமே வழக்காடலாம், ஆனால் "நிற்கவில்லை, பார்த்தேன்" என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் தோற்பீர்கள். அதை விட, உங்கள் ஊரில் சைக்கிள்காரர்களுக்கு அபராதத்துக்குப் பதில் பாதுகாப்பு வகுப்பு இருக்கிறதா என்று விசாரியுங்கள். 2015ல் நிறைவேறிய சட்டம் அதற்கு வழி விட்டிருக்கிறது, எல்லா ஊரிலும் நடத்துவதில்லை.

---

நாலுசக்கரம் எழுதியது:

நான் எதிர்ப்பக்கம். தினமும் இரண்டு பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவள். சைக்கிள்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, என் வீட்டுக்காரரே ஒருவர்.

இங்கே யாரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். நாலு பக்கமும் ஸ்டாப் சைன் இருக்கும் சந்தியில் நிற்பது என்பது வேகத்தைக் கொல்வதற்கு மட்டும் இல்லை. அது ஒரு பேச்சு. முதலில் வந்து நின்றவர் முதலில் போகலாம், ஒரே நேரத்தில் வந்தால் வலது பக்கத்தவருக்கு வழி. நின்றால்தானே யார் முதலில் வந்தார் என்று தெரியும்? கால் ஊன்றிய சைக்கிள்காரரைப் பார்த்தால் எனக்கு ஒரு செய்தி வருகிறது: "நீ போ, நான் காத்திருக்கிறேன்." அரை வேகத்தில் ஊர்ந்து வருபவரைப் பார்த்தால் ஒன்றும் புரிவதில்லை. எனக்கு வழி விடுகிறாரா, என்னை முந்தப்போகிறாரா? நான் கொஞ்சம் நகர்கிறேன், அவரும் நகர்கிறார். இருவரும் பிரேக். இருவரும் கையை ஆட்டுகிறோம். பின்னால் ஹார்ன். பின் சீட்டில் சின்னவன், "அம்மா, டான்ஸ் ஆடுறியா?" என்கிறான்.

கார்களும் உருட்டத்தான் செய்கின்றன, எனக்குத் தெரியும். ஆனால் 2022ல் டெஸ்லா கார்களில் ஓர் அம்சம் இருந்தது நினைவிருக்கிறதா? நாலுபக்க ஸ்டாப் சந்தியில் யாரும் இல்லை என்றால் மணிக்கு 5.6 மைல் வரை வேகத்தில் நிற்காமல் உருண்டு போகும். அரசு தலையிட்ட பிறகு சுமார் 54,000 கார்களில் அதை நீக்கினார்கள். சுற்றிலும் எட்டு கேமரா வைத்த, தூக்கம் வராத இயந்திரத்துக்கே கிடையாது என்ற சலுகையைக் காலை ஆறு நாற்பதுக்கு காபி குடிக்காத மனிதருக்குக் கொடுக்கச் சொல்கிறீர்கள்.

உங்கள் மாநிலத்திலேயே 2021ல் சட்டசபை இதை நிறைவேற்றி அனுப்பியபோது கவர்னர் நியூசம் அதை நிராகரித்துவிட்டார். குழந்தைகள் வண்டியின் வேகத்தைச் சரியாகக் கணிக்க மாட்டார்கள் என்பதுதான் அவர் முக்கியமாகச் சொன்னது. என் பெரியவனுக்கு வயது ஒன்பது. "பார்த்து, தேவையென்றால் நில்" என்றால் அவனுக்கு எப்போதும் தேவையில்லை. "நில்" என்றால் நிற்பான். சில நாளாவது.

---

பின்சக்கரம் எழுதியது:

நாலுசக்கரம் அக்கா, டெஸ்லா உதாரணம் நன்றாகக் குத்தியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் எடையை விட்டுவிட்டீர்கள். 1,800 கிலோ கார் மணிக்கு 9 கிலோமீட்டரில் உருண்டால் 5,625 ஜூல். நானும் சைக்கிளும் அதே வேகத்தில் 281. இருபது மடங்கு. காரில் என்றால் முன்கண்ணாடி ஓரத்துத் தூண் ஒரு மனிதரையே மறைக்கிறது, கண்ணாடி ஏற்றியிருக்கிறது, பாட்டு ஓடுகிறது, சாலைக்கோட்டுக்குப் பின்னால் இரண்டு மீட்டரில் உட்கார்ந்திருக்கிறீர்கள். சைக்கிளில் என் மூக்குத்தான் முதலில் சந்திக்குள் நுழைகிறது. காது திறந்திருக்கிறது. நான் தப்பு செய்தால் முதலில் உடைவது நான்தான், அந்த நினைப்பே பாதி பிரேக்.

ஆனால் "நிற்பது ஒரு பேச்சு" என்று சொன்னீர்களே, அதை நான் யோசித்ததே இல்லை. கார் ஒன்று ஏற்கெனவே நிற்கிற சந்தியில் நான் கால் ஊன்றத்தான் போகிறேன், சட்டம் மாறினாலும். என் வழக்கு காலிச் சந்தியைப் பற்றியது மட்டும்.

காரும் இருந்து எல்லாச் சைக்கிளும் கால் ஊன்றினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. 2015 ஜூலையில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு பகுதிக் காவல்துறை, ஸ்டாப் சைனில் நிற்காத சைக்கிள்களைப் பிடிக்கப்போவதாகச் சொன்னது. சைக்கிள்காரர்கள் விகில் என்கிற வழித்தடத்தில் கூடி, ஒருவர் பின் ஒருவராக வரிசையில் வந்து, ஒவ்வொரு ஸ்டாப் சைனிலும் முழுசாக நின்று, தன் முறை வரும்வரை காத்திருந்து போனார்கள். சட்டத்தை எழுத்துக்கு எழுத்து மதித்தார்கள், அவ்வளவுதான் போராட்டம். தெரு அடைத்துக்கொண்டது. கார்க்காரர்கள் ஹார்ன் அடித்துத் தீர்த்தார்கள். நகர சபை பிறகு, பாதுகாப்பாக வழி விட்டுப் போகும் சைக்கிள்காரரைப் போலீஸ் கடைசியாகக் கவனித்தால் போதும் என்று தீர்மானம் போட்டது. 2016 ஜனவரியில் மேயர் எட் லீ அதை நிராகரித்தார்.

---

வெண்கோல் எழுதியது:

இந்த இழையை நேற்று ராத்திரி ஸ்கிரீன் ரீடர் எனக்குப் படித்துக் காட்டியது. "நாலு பக்கமும் பார்த்தேன்" என்று எத்தனை முறை வந்தது என்று எண்ணிக்கொண்டே கேட்டேன்.

எனக்குப் பார்வை இல்லை. கோலை வைத்துக்கொண்டு தினமும் தனியாக நடந்து பஸ் பிடிக்கிறேன். ஸ்டாப் சைன் சந்தியை நான் கடப்பது முழுக்கக் காதால். கார் வருகிற டயர் ஓசை, வேகம் இறங்குகிற ஓசை, நின்று இன்ஜின் மட்டும் முனகுகிற ஓசை. அந்த முனகல்தான் எனக்குப் பச்சை விளக்கு. எலக்ட்ரிக் கார் வந்தபோது அதுவும் போய்விடுமோ என்று எங்களைப் போன்றவர்கள் கூச்சல் போட்டோம். 2010ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டது, இப்போது புது எலக்ட்ரிக், ஹைபிரிட் கார்கள் மணிக்கு 30 கிலோமீட்டர் வரையான வேகத்தில் ஒலி எழுப்பியே ஆக வேண்டும். சைக்கிளுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

இரண்டு வருடம் முன்னால் ஒரு சைக்கிள் என் கோலின் முனையைத் தட்டிக்கொண்டு போனது. விழவில்லை. கோல் வளைந்தது. அவர் திரும்பி வந்து ரொம்ப நேரம் மன்னிப்புக் கேட்டார், நல்ல பையன். "நீங்கள் நிற்பீர்கள் என்று நினைத்தேன்" என்றான். நானும் அதையேதான் அவனைப் பற்றி நினைத்திருந்தேன்.

இவ்வளவும் சொன்னதால் நான் எதிர்ப்பு என்று நினைத்துவிடாதீர்கள். இதில் எனக்கு ஒரு விசித்திரமான அபிப்பிராயம் உண்டு. மிதிப்பதை விட்டுவிட்டுச் சும்மா உருண்டு வருகிற சைக்கிளை எனக்குக் கேட்கும். பின்சக்கரத்தில் டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம் வருமே, அது. வேகம் குறையக் குறைய டிக்குக்கும் டிக்குக்கும் இடைவெளி கூடும். ஆள் வழி விடுகிறாரா இல்லையா என்று அதிலேயே தெரிந்துவிடும். சத்தமே இல்லாமல் வருகிறவர்தான் ஆபத்து, ஏனென்றால் அவர் கடைசி வரை மிதித்துக்கொண்டே வருகிறார். நாலுசக்கரம் அக்கா சொன்ன "பேச்சு" எனக்கு இதுதான். உருட்டுகிறவர் பேசுகிறார். மிதிக்கிறவர் பேசுவதில்லை.

அதனால் பின்சக்கரம் சாருக்கு ஒரு கேள்வி. அன்றைக்குப் பன்னிரண்டாவது சந்தியில் உங்கள் சைக்கிள் சத்தம் போட்டதா?

---

சும்மா_இரு எழுதியது:

போலீஸ்காரர்கூட இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

---

பாய்சி_வாசி எழுதியது:

வெண்கோல் அம்மா, நீங்கள் சொன்ன பிறகு வெளியே போய் என் சைக்கிளைத் தூக்கிப் பின்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். வெட்டுக்கிளி மாதிரி கத்துகிறது. என் மனைவிக்குப் பல வருடமாக அதுதான் புகார்.

ஐடஹோ சட்டத்திலும் பாதசாரிக்கு வழி விட வேண்டும் என்று இருக்கிறதுதான். ஆனால் வழி விட்டேன் என்பது அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு எப்படித் தெரியும் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

---

பின்சக்கரம் எழுதியது:

இரண்டு நாளாகப் பதில் போடாததற்கு மன்னிக்கவும்.

நானும் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. போன மாதம் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைப் பிரித்து, சத்தம் வரக்கூடாது என்றே கெட்டியான கிரீஸை அப்பி மூடியது நான்தான். ரயில் நிலையத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று கூச்சம். ஆகவே அம்மா, உங்கள் கேள்விக்குப் பதில்: இல்லை. அந்தச் சந்தியில் நீங்கள் நின்றிருந்தால் நான் உங்களைப் பார்த்திருப்பேன், நின்றிருப்பேன். ஆனால் நான் வந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்காது, நின்றதும் தெரிந்திருக்காது.

சட்டம் மாற வேண்டும் என்ற கருத்தில் எனக்கு மாற்றம் இல்லை. காலிச் சந்தியில் கால் ஊன்றச் சொல்வது அர்த்தமில்லாத வேலை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். நேற்று அந்தப் பன்னிரண்டாவது சந்தியில் கால் ஊன்றினேன், பயத்தில். வாசலில் யாரும் இல்லை.

டிக்கெட் விஷயம்: எங்கள் ஊரில் அந்த வகுப்பு இருக்கிறது, அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை, இரண்டு மணி நேரம். பெயர் கொடுத்துவிட்டேன்.

பாய்சி_வாசி, உங்கள் ஹப்பில் என்ன போடுகிறீர்கள்? கிரீஸை வழித்துவிட்டு மெல்லிய ஆயில் மட்டும் விட்டால் போதுமா, இல்லை உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டுமா?